டிவிடி நகல் எடுக்கும்போது எந்த மோடு? அறிகுறியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

எங்கள் வீட்டு பீரோவில் அக்காவின் கல்யாண டிவிடி மூன்று டிஸ்க்காக இருந்தது: நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம். பல வருடங்களுக்கு முன் நான்தான் உட்கார்ந்து மூன்றையும் சின்னச் சின்ன எம்பி4 கோப்புகளாக மாற்றினேன். வேலை முடிந்தது என்று டிஸ்க்குகளை மறந்தும் போனேன். போன வருடம் புது டிவியில் அந்த எம்பி4-ஐப் போட்டபோது, அட்சதை தூவும் பாட்டியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. பாட்டி இப்போது இல்லை. சரி, டிஸ்க்கிலிருந்தே மறுபடி எடுப்போம் என்று தேடிப்பிடித்துப் போட்டால், முகூர்த்த டிஸ்க் பாதியில் நின்றுவிட்டது.

அந்த டிஸ்க்கை எப்படி மீட்டோம் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன், நகல் எடுக்கும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை மோடை, அதாவது நகலெடுக்கும் முறையை, தவறாகத் தேர்ந்தெடுப்பதால் வருபவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவதெல்லாம் ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாண டிஸ்க், அரங்கேற்ற டிஸ்க், பள்ளி ஆண்டுவிழா டிஸ்க் போன்ற பூட்டில்லாத வீட்டு டிஸ்க்குகளைப் பற்றித்தான். கடையில் வாங்கிய படங்களில் பெரும்பாலும் நகலெடுப்பதைத் தடுக்கும் சிஎஸ்எஸ் பூட்டு இருக்கும். அதற்குச் சட்டக் கேள்விகள் தனியாக உண்டு.

முதலில் நான்கு மோடுகள்

டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் மூன்று வகைக் கோப்புகள். படமும் ஒலியும் இருப்பது விஓபி. எது எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் ஓட வேண்டும் என்ற வரைபடம் ஐஎஃப்ஓ. அந்த வரைபடத்தின் அச்சு அசல் நகல் பியூபி. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

ஐஎஸ்ஓ மோடு டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து (செக்டார் என்பது தரவின் சிறு துண்டு) கடைசி செக்டார் வரை அப்படியே ஒரே கோப்பாக எடுக்கும். ஃபைல் மோடு ஃபோல்டரில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்கும். ஐஎஃப்ஓ மோடு வரைபடத்தைப் படித்து, நாம் கேட்ட டைட்டிலை, அதாவது தனியாக ஓடும் ஒரு நிகழ்ச்சியை, மட்டும் எடுத்துக் கொடுக்கும். டிவிடி டிக்ரிப்டர் என்ற பழைய மென்பொருளைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த மூன்று பெயர்களும் பழக்கமாக இருக்கும். அதன் வளர்ச்சி 2005-இல் நின்றுவிட்டது. இன்று ஐஎஸ்ஓ எடுக்க இம்க்பர்ன் போதும். டைட்டிலாக எடுக்க மேக்எம்கேவி இருக்கிறது. ஐஎஃப்ஓ மோடு செய்த வேலையைத்தான் அது எம்கேவி கோப்பாகச் செய்கிறது.

நான்காவது, மறு என்கோடிங். ஹேண்ட்பிரேக் செய்வது இதை. முதல் மூன்றிலும் படம் டிஸ்க்கில் இருந்தபடியே வரும். நான்காவதில் படம் புதிதாகச் சுருக்கப்படும். அப்போது போன நுணுக்கம் பிறகு திரும்பி வராது. நான் பண்ணிய தவறு இதுதான்: நான்காவது மோடை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினேன்.

வீட்டு டிஸ்க் என்றால் முதல் வேலை ஐஎஸ்ஓ. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஐஎஸ்ஓ கையில் இருந்தால் மற்ற மூன்று வகையையும் அதிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விஎல்சி, மேக்எம்கேவி, ஹேண்ட்பிரேக் எல்லாமே ஐஎஸ்ஓவை நேரடியாகத் திறக்கும். விண்டோஸ் 8-இலிருந்து இரட்டைக் கிளிக் செய்தாலே அது ஒரு டிரைவ் போலத் தெரியும். மற்ற மூன்றிலிருந்து மூல ஐஎஸ்ஓவுக்குத் திரும்ப முடியாது. இடம் பற்றிய கவலையும் வேண்டாம். ஒற்றை அடுக்கு டிஸ்க் 4.7 ஜிபி, கணினி அதை 4.37 என்று காட்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் அப்படிப்பட்ட இருநூறு டிஸ்க் தாராளமாக அடங்கும்.

அறிகுறி: நகலெடுத்த படம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது

ஃபோல்டரைத் திறந்து, பெரிதாகத் தெரிந்த ஒரு விஓபியை மட்டும் இழுத்துப் போட்டிருப்பீர்கள். டிவிடி விதிப்படி எந்த விஓபியும் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதனால் ஒரே நிகழ்ச்சி விடிஎஸ்_01_1, விடிஎஸ்_01_2 என்று துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஒரு டிஸ்க்கில் நல்ல தரத்தில் எழுதியிருந்தால் நொடிக்கு 8 மெகாபிட் அளவில் ஓடும்; அந்தக் கணக்கில் 1 ஜிபி என்பது ஏறக்குறைய 18 நிமிடம். இரண்டு மணி நேரத்தை அடைத்திருந்தால் அரை மணி வரை போகும். உங்கள் நகல் நிற்கும் நேரம் இதற்குப் பக்கத்தில் இருந்தால் காரணம் இதுவேதான். முழு ஃபோல்டரையும் எடுங்கள், அல்லது மேக்எம்கேவியில் டைட்டிலாக எடுங்கள்.

எண்ணில் 0 என்று முடியும் விஓபி, அதாவது விடிஎஸ்_01_0, நிகழ்ச்சி அல்ல. அது மெனுவின் படம். அதைப் போட்டுப் பார்த்து "இசை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறதே" என்று பயப்பட வேண்டாம்.

அறிகுறி: எல்லா விஓபியையும் ஒட்டினேன், நேரக் கணக்கு தப்பாகக் காட்டுகிறது

துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் படம் ஓடும். ஆனால் மொத்த நேரம் 12 நிமிடம் என்று காட்டும், அல்லது நடுவில் போக முயன்றால் வேறெங்கோ குதிக்கும். நிகழ்ச்சிக்குள் நேர முத்திரை ஆங்காங்கே மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். அந்த இடங்களைச் சேர்த்துப் படிக்கும் கணக்கு ஐஎஃப்ஓவில்தான் இருக்கிறது, ஒட்டிய கோப்பில் இல்லை. இந்த நகலைச் சரிசெய்யப் போராட வேண்டாம். ஐஎஃப்ஓவைப் படிக்கும் வழியில், அதாவது மேக்எம்கேவியில், மறுபடி எடுங்கள். சிறிது நேர வேலைதான்.

காட்சிகள் வரிசை மாறி வந்தாலும், ஒரே காட்சி இரண்டு முறை வந்தாலும் இதே மருந்து. டிஸ்க்கில் எழுதியிருக்கும் வரிசையும் பார்க்க வேண்டிய வரிசையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று டிவிடியில் கட்டாயம் இல்லை.

அறிகுறி: டிஸ்க் 4 ஜிபி, எடுத்த எம்கேவிகள் 8 ஜிபி

ஸ்டூடியோ டிஸ்க்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மெனுவில் "முழுவதும் பார்க்க" என்று ஒரு பொத்தான், அப்புறம் மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றல், தாலி கட்டுதல் என்று தனித்தனிப் பொத்தான்கள். முழு நிகழ்ச்சி ஒரு டைட்டில், ஒவ்வொரு பகுதியும் ஒரு டைட்டில் என்று அமைத்திருந்தால், டிஸ்க்கில் காட்சி ஒரு முறைதான் இருக்கும், வரைபடம் மட்டும் அதை இரண்டு விதமாகச் சுட்டும். மேக்எம்கேவி ஒவ்வொரு டைட்டிலையும் தனிக் கோப்பாக எழுதுவதால் எல்லாமே இரண்டு முறை வந்து விழுகிறது. மிக நீளமான டைட்டிலில் மட்டும் டிக் போடுங்கள். மற்றவற்றின் நேரங்களைக் கூட்டினால் அதன் நேரம் வருகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு மீதியை விடுங்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. மெனுவில் இருந்த ஒரு சின்னத் துண்டு எம்கேவிகளில் எங்கேயுமே இல்லை. மேக்எம்கேவி இயல்பாக 120 நொடிக்குக் குறைவான டைட்டில்களைத் தள்ளிவிடும். பத்திரிகையும் குழந்தைப் பருவப் புகைப்படங்களும் வரும் தொடக்கத் துண்டு பெரும்பாலும் ஒன்றரை நிமிடம்தான் இருக்கும், அது இதில் சிக்கிவிடும். அமைப்புகளில் குறைந்தபட்ச நேரத்தை 0 ஆக்கிவிட்டு டிஸ்க்கை மறுபடி திறங்கள்.

அறிகுறி: மெனு காணவில்லை

எம்கேவியும் எம்பி4-உம் டிவிடி மெனுவைச் சுமக்காது. சாப்டர்கள் வரும், மெனு வராது. மெனு வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ அல்லது முழு வீடியோ_டிஎஸ் ஃபோல்டர், இரண்டில் ஒன்றுதான். பலர் மெனுவை வேண்டாத பொருளாக நினைக்கிறார்கள். கல்யாண டிஸ்க்கில் நான் அப்படி நினைக்கவில்லை. பெயர்கள், தேதி, மண்டபத்தின் பெயர் எல்லாம் பல சமயம் மெனுவின் படத்தில் மட்டும்தான் எழுதியிருக்கும்.

அறிகுறி: 73 சதவீதத்தில் டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டு நிற்கிறது

எங்கள் முகூர்த்த டிஸ்க்குக்கு வந்தது இது. நேரத்தைக் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

முதலில் ஃபைல் மோடை விட்டு வெளியே வாருங்கள். விண்டோஸில் கோப்பை இழுத்துப் போடும்போது ஒரு இடத்தில் படிக்க முடியாவிட்டால் அந்தக் கோப்பு மொத்தமும் ரத்தாகிவிடும். ஒரு சிறு கீறலுக்காக 1 ஜிபி போய்விடும். உண்மையில் கெட்டது எவ்வளவு என்று பார்த்தால் மனது ஆறுதலடையும். டிவிடியில் ஒரு செக்டார் 2048 பைட். 16 செக்டார்கள் சேர்ந்த 32 கேபி ஒரு பிழை திருத்தக் கட்டம். கட்டம் திருத்த முடியாத அளவு கெட்டால் அந்த 32 கேபியும் போகும். நொடிக்கு 8 மெகாபிட் ஓடும் படத்தில் அது ஒரே ஒரு ஃபிரேம் அளவுதான். படங்கள் ஒன்றையொன்று சார்ந்து சுருக்கப்பட்டிருப்பதால் திரையில் பாதிப்பு அரை நொடி வரை தெரியும். அரை நொடி கலங்கினால் பரவாயில்லை. அதற்காகப் பதினெட்டு நிமிடத்தை இழக்கக் கூடாது.

டிஸ்க்கைச் சுத்தம் செய்யுங்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். தடம் வட்டப் பாதையில் போவதால், வட்டமாக விழும் கீறல் ஒரே இடத்தில் நிறைய தரவைக் கெடுக்கும். டிஸ்க்கின் மேல் மணமக்கள் புகைப்படம் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் அதை உரிக்க வேண்டாம். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டைச் சேர்த்து ஒட்டியது, தரவு அடுக்கு நடுவில் இருக்கிறது. உரிக்கும் வேகத்தில் தகடுகள் பிரிந்தால் கதை முடிந்தது. ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தால் டிஸ்க் ஆடும். இம்க்பர்னில் படிக்கும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

அடுத்தது வேறு டிரைவ். ஒரு டிரைவ் மறுத்த டிஸ்க்கை இன்னொன்று சாதாரணமாகப் படிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பாக இருந்தாலும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அதுவும் ஆகவில்லை என்றால், கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் குனு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். உபுண்டு லினக்ஸை பென்டிரைவிலிருந்து ஓடவிட்டு, ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் இதை நிறுவிக்கொள்ளலாம். செக்டார் அளவை 2048 என்று கொடுங்கள். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகும் ஆப்ஷனைப் போடுங்கள், இது முக்கியம். நன்றாக இருக்கும் பகுதி முழுவதும் முதலில் பத்திரமாக வந்துவிடும். அப்புறம் இரண்டாம் சுற்றில், விட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எது வந்தது, எது வரவில்லை என்பதை இது மேப் கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போகும். அந்தக் கோப்பை அழிக்காதீர்கள். நடுவில் நிறுத்தலாம், நாளைக்குத் தொடரலாம், வேறு டிரைவில் தொடரலாம்.

வேறு டிஸ்க்கிலும் தொடரலாம். எங்களைக் காப்பாற்றியது அதுதான். கல்யாண டிஸ்க் பெண் வீட்டுக்கு ஒரு செட், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு செட் கொடுப்பது வழக்கம். இரண்டையும் ஸ்டூடியோவில் ஒரே பிம்பத்திலிருந்து (ஒரே டிஸ்க் இமேஜிலிருந்து) எழுதியிருந்தால், செக்டாருக்கு செக்டார் இரண்டும் ஒன்றுதான். அத்தானின் அம்மாவிடம் கேட்டேன், சாமி அறை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த டிஸ்க்கும் கெட்டுத்தான் இருந்தது, ஆனால் வேறு இடத்தில். எங்கள் டிஸ்க்கின் ஐஎஸ்ஓவையும் மேப் கோப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, டிரைவில் அவர்கள் டிஸ்க்கைப் போட்டு ஓட்டினேன். விட்டுப்போன இடங்களை மட்டும் அதிலிருந்து எடுத்து நிரப்பிவிட்டது. பாட்டியின் முகம் முழுதாக வந்தது.

இதைச் செய்யும் முன் இரண்டு டிஸ்க்கின் மொத்த அளவும், ஒவ்வொரு விஓபியின் அளவும் பைட் வரை ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் அது வேறு பிம்பம். கலந்தால் இரண்டும் பாழ். அப்போது ஒவ்வொன்றையும் தனி ஐஎஸ்ஓவாக எடுத்து, நல்ல பகுதிகளை வீடியோ எடிட்டரில் சேர்ப்பதே வழி.

அறிகுறி: ஃபோல்டர் வந்துவிட்டது, எந்தப் பிளேயரும் திறக்க மறுக்கிறது

விஓபிகள் நன்றாக இருந்தும் டிவிடியாகத் திறக்கவில்லை என்றால் ஐஎஃப்ஓ கெட்டிருக்கலாம். அதே பெயரில் இருக்கும் பியூபியை நகலெடுத்து, நகலின் பின்னொட்டை ஐஎஃப்ஓ என்று மாற்றி, கெட்டதன் இடத்தில் வையுங்கள். இதற்காகவேதான் பியூபியை டிஸ்க்கில் வைக்கிறார்கள்.

அறிகுறி: ஐஎஸ்ஓவை பென்டிரைவில் போட முடியவில்லை

"கோப்பு மிகப் பெரியது" என்று வந்தால் பென்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகும் டிவி அந்த ஐஎஸ்ஓவைக் காட்டாமல் போகலாம். அது ஐஎஸ்ஓவின் குறை அல்ல. பல டிவிகளுக்கு ஐஎஸ்ஓவைத் திறக்கத் தெரியாது. இங்குதான் ஹேண்ட்பிரேக்குக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஐஎஸ்ஓவைத் திறந்து எச்.264 எம்பி4 ஒன்று தயார் செய்யுங்கள், தர எண்ணை 18-க்கும் 20-க்கும் இடையில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். இது பார்ப்பதற்கான நகல், பத்திரப்படுத்துவது ஐஎஸ்ஓதான்.

அறிகுறி: கை அசைந்தால் சீப்புப் பல் போலக் கோடுகள்

ஸ்டூடியோ வீடியோ கேமராக்கள் அக்காலத்தில் இன்டர்லேஸ் முறையில் எடுத்தவை. ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் வேறு வேறு நொடித் துளியில் பதிவானவை. நம் நாட்டு டிஸ்க் என்றால் பெரும்பாலும் பால் முறை: 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், 50 பாதிகள். ஐஎஸ்ஓவிலும் எம்கேவியிலும் கோடு தெரிந்தால் நகலில் தவறு இல்லை. விஎல்சியில் டீஇன்டர்லேஸை இயக்குங்கள். ஹேண்ட்பிரேக்கில் மாற்றும்போது டீகாம்ப் வடிகட்டியை வையுங்கள். நாதஸ்வரக்காரர் விரல், நடனமாடும் கால் போன்ற வேகமான அசைவு வழுக்கிக்கொண்டு வர வேண்டும் என்றால் பாப் முறையைத் தேர்ந்தெடுத்து நொடிக்கு 50 ஃபிரேமாக எடுங்கள். அரங்கேற்ற டிஸ்க்குக்கு நான் இதைத்தான் செய்வேன். கோடுகளை என்கோட் செய்து உள்ளே பதித்துவிட்டால் பிறகு சுத்தமாக எடுப்பது மிகக் கடினம்.

அறிகுறி: எல்லோரும் குண்டாக, அல்லது ஒல்லியாகத் தெரிகிறார்கள்

720க்கு 576 என்ற அளவை அப்படியே காட்டக் கூடாது. பழைய சதுர டிவி வடிவம் என்றால் 768க்கு 576, அகலத் திரை என்றால் 1024க்கு 576 என்று விரித்துக் காட்ட வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் அனமார்ஃபிக் என்ற இடத்தைத் தானியங்கியில் விட்டால் சரியாக வரும். ஸ்டூடியோவில் எழுதும்போதே வடிவக் குறியைத் தவறாகப் போட்டிருந்தால், மறுபடி என்கோட் செய்யத் தேவையில்லை. எம்கேவி டூல்நிக்ஸில் தலைப்புத் தகவலைத் திருத்தும் பகுதியில் காட்சி அகலத்தை மாற்றினால் போதும், படத்தைத் தொடாமலே சரியாகிவிடும்.

அறிகுறி: டிஸ்க் காலி என்று காட்டுகிறது

பின்பக்கம் பார்த்தால் எழுதிய வளையம் நிறம் மாறித் தெரிகிறது, கணினியோ காலி என்கிறது. டிவிடி ரெக்கார்டரிலோ, 8 சென்டிமீட்டர் குட்டி டிஸ்க் போடும் கேமராவிலோ எடுத்து, ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காமல், விட்ட டிஸ்க் இப்படித்தான் நடந்துகொள்ளும். எழுதிய அதே கருவி வேலை செய்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யுங்கள். கருவி இல்லை என்றால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் உள்ளே இருப்பதைப் படித்தெடுக்க முடியும். கணினி "இந்த டிஸ்க்கில் எழுதட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குட்டி டிஸ்க்கைத் தட்டு இல்லாமல் வாய் வழியே இழுத்துக்கொள்ளும் டிரைவில் போடவே போடாதீர்கள், உள்ளே சிக்கிக்கொள்ளும்.

அதுபோன்ற டிஸ்க்கில் வீடியோ_டிஎஸ் இல்லாமல் டிவிடி_ஆர்டிஏவி என்று ஃபோல்டர் இருந்தால், அது விஆர் முறையில் பதிவானது. விஆர்ஓ என்று முடியும் ஒரே பெரிய கோப்பில் எல்லாம் இருக்கும். இங்கே ஐஎஃப்ஓ மோடு எதிர்பார்க்கும் வரைபடம் கிடையாது. ஐஎஸ்ஓவை எடுத்துவிட்டு, விஆர்ஓவைத் தனியாக விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள்.

நகல் முடிந்ததும்

தொடக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மூடாதீர்கள். ஒற்றை அடுக்கு டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி வெளி விளிம்புக்குப் பக்கத்தில், கைரேகையும் கீறலும் அதிகம் படும் இடத்தில் இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். ஐஎஸ்ஓவின் ஷா256 எண்ணை (கோப்பு பிறகு மாறியிருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் கைரேகை போன்றது) எடுத்து, டிஸ்க்கின் மேல் எழுதியிருந்ததோடு சேர்த்து ஒரு உரைக் கோப்பில் அதன் பக்கத்திலேயே வையுங்கள். இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டு, அதை உங்கள் வீட்டில் வைக்காமல் சம்பந்தி வீட்டில் கொடுத்து வையுங்கள்.